கல்லுப்பாலம் வரை ஹாரன் இல்லை

திலகராணி ஏறி முடிக்க இரண்டு நிமிஷம் ஆகும். முதலில் ஊன்றுகோலைப் படியில் வைப்பாள், பிறகு வலது காலை, பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த இடது காலை, மடங்காத காலை, வேறு யாருடையதையோ தூக்கி வைப்பது போலத் தூக்கி வைப்பாள். கண்ணாடியில் பார்க்கக் கூடாது என்று தினமும் நினைக்கிறேன், தினமும் பார்க்கிறேன். ஆடி மாசம் வரைக்கும் இவள் என் பஸ்ஸில் ஏறியதே இல்லை. சொந்தமாக ஒரு நீல ஸ்கூட்டர், முதுகில் பை, டவுனில் ரத்தம் சோதிக்கும் இடத்தில் வேலை. என்னை முந்திப் போகும்போது சின்னதாக ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போவாள், வாரேன்ணே என்று சொல்கிற மாதிரி. இந்த நெடுங்கரை ஸ்டாப்புக்கும் கல்லுப்பாலத்துக்கும் நடுவில் கோயில் மாட்டில் மோதி விழுந்தாள். முழங்கால் சில்லு மூன்றாக உடைந்தது. இப்போது ஐப்பசி, விடாத மழை, டிரைவர் சீட்டுக்கு மேலேயே ஒழுகுகிறது, இடது தோள் நனைந்து கிடக்கிறது, அதைக்கூடத் துடைக்கத் தோன்றவில்லை. ஏறிவிட்டாள். என் இடது கைப் பக்கம் முதல் சீட்டு அவளுக்கென்றே காலியாக இருக்கும். யாராவது உட்கார்ந்திருந்தால் கண்டக்டர் ராயப்பன் எழுப்பிவிடுவான். "நீங்க நிக்கலேன்னா எனக்கு வேலையே போயிருக்கும்ணே" என்கிறாள், இதுவரை ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பாள். டிரைவர் என்றால் சீனிச்சாமி மாதிரி இருக்கணும் என்று பின்னால் யாரோ சொல்கிறார்கள். எனக்குக் காது கூசுகிறது. விசில் வந்துவிட்டது.

முதல் கியர், இரண்டாம் கியர். மூன்றுக்குப் போக மாட்டேன், கல்லுப்பாலம் வரை நாலு கிலோமீட்டர் இப்படித்தான். ஹாரன் அடிக்க மாட்டேன். கை அதன் மேலேயே படாமல் ஸ்டியரிங் வளையத்தின் கீழ்ப்பக்கமாகப் பிடித்துக்கொள்வேன். முப்பது வருஷமாக ஹாரனில் கை வைத்தே ஓட்டிய ஆள் நான், டிப்போவில் எனக்கு நாதஸ்வரம் என்று பட்டப்பெயர். ஹாரன் ரிப்பேரா என்று கேட்காத பயணி கிடையாது. பேட்டரி வீக்கு என்று ஒரு வாரம் சொன்னேன், ஒயர் போச்சு என்று ஒரு வாரம், இப்போது கேட்டால் முறைக்கிறேன், மூன்றில் அதுதான் நல்லா வேலை செய்கிறது. மழைக்காலத்தில் மாடுகள் ஈரமண்ணில் படுக்காது. வயலெல்லாம் சொதசொத என்று கிடக்க, தார் ரோடு மட்டும் கொஞ்சம் சூடாக, சீக்கிரம் காய்ந்து, வண்டி போகிற காற்றில் ஈ அண்டாமல் இருக்கும். மாட்டுக்குத் தெரியுமா இது மாநில நெடுஞ்சாலை, நிமிஷத்துக்கு ஒரு லாரி போகிறது என்று. அந்தக் கோயில் மாடு இன்று எங்கே படுத்திருக்கும்? நேற்று ஆலமரத்து வளைவில். முந்தாநாள் ரேஷன் கடைக்கு எதிரே நின்றது, முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. அந்த விபத்தில் பட்ட புண் இன்னும் ஆறவில்லை. இந்த ஒரு வைப்பர்தான் ஓடுகிறது, மற்றது செத்துப் பத்து நாள். கண்ணாடியில் பாதி ரோடு தெரிகிறது, பாதி தண்ணீர்.

அது என் மாடு. சொல்லிவிட்டேன், மனசுக்குள் சொல்வதில் என்ன கஷ்டம், இதைத் தினமும் மனசுக்குள் நூறு தடவை சொல்கிறேன். ஊருக்கு அது சாமி மாடு. அய்யனாருக்கு நேர்ந்து விட்டது யார் என்று பூசாரிக்கும் என் பெண்டாட்டி சுப்புத்தாய்க்கும் ராயப்பனுக்கும் எனக்கும்தான் தெரியும். பூசாரி போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். நேர்ச்சையை வெளியில் சொன்னால் பலன் போய்விடும் என்று சுப்புத்தாய் வாயைக் கட்டினாள். எதற்காக நேர்ந்தேன்? ஏழு வருஷம் முன்னால் கருக்கலில் ஒரு பெரியவர் குறுக்கே வந்து என் சக்கரத்தில் விழுந்தார். டிரைவர் குடித்திருந்தான் என்றார்கள், தூங்கிவிட்டான் என்றார்கள், ஊர் வாயை மூட உலைமூடி உண்டா. பதினாலு மாசம் சஸ்பெண்டில் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். தெருவில் தலை காட்ட முடியாது. அப்போதுதான் நேர்ந்துகொண்டேன், அய்யனாரே, எனக்கு மறுபடி அந்த சீட்டைக் கொடு, உனக்கு ஒரு காளைக்கன்று விடுகிறேன் என்று. என்னைக் காப்பாற்றியது அய்யனாரா அல்லது பனங்கிழங்கு விற்கிற ஒரு மனுஷனா, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. முன்பின் தெரியாத ஆள். கோர்ட்டில் வந்து கூண்டில் ஏறி, "டிரைவர் ஹாரன் அடிச்சாருங்கய்யா, ரெண்டு தடவ அடிச்சாரு, பெரியவருக்குக் காது கேக்காது" என்று சொல்லிவிட்டுப் போனான். அவனுக்கு என்ன வந்தது, யார் கேட்டார்கள், ஒரு நாள் வியாபாரம் கெட்டதுதான் மிச்சம். கோர்ட்டுக்கு வெளியே கையைப் பிடித்தேன், பார்த்ததைச் சொன்னேன், இதிலென்னங்க என்றான். இதிலென்ன. மூன்று மாசமாக அந்த வார்த்தைதான் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது.

நேர்ந்து விட்டதோடு நின்றிருக்கலாம். தொடையில் குறி போட்டு, மூக்குக் குத்தாமல், கயிறு கட்டாமல் விட்டுவிட வேண்டியது, அப்புறம் அது சாமி பாடு. நான் நின்றேனா? மனசு கேட்கவில்லை. ஓடைக்கரையில் கன்று தனியாக நிற்பதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் பஸ்ஸை நிறுத்தி ஜன்னல் வழியாக ஒரு வாழைப்பழம் நீட்டினேன். மறுநாள் இரண்டு. பிறகு ராயப்பன் டவுனில் கனிந்துபோன பழமாகப் பார்த்து வாங்கி வைத்திருப்பான், நான் ஒரு நீட்டு இரண்டு குறுக்கு என்று, நீளமாக ஒன்றும் சின்னதாக இரண்டும் ஹாரன் அடிப்பேன், எந்தக் காட்டில் இருந்தாலும் ராசா ஓடி வரும். ராசா என்று நான் வைத்த பெயர். பயணிகளும் ரசித்தார்கள். அய்யனார் நமக்குத் தரிசனம் தருகிறார் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். டிரைவர் பக்தியுள்ளவர், கோயில் மாட்டுக்குப் பழம் கொடுக்கிறார், அவ்வளவுதான் அவர்களுக்கு. எப்போதும் ஹாரன் அடிக்கிற ஆள்தானே, அது ஹாரனுக்குத்தான் வருகிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது, பொய் சொல்வானேன், இந்த மாவட்டத்தில் எந்த டிரைவருக்கு மாடு ஓடி வருகிறது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை அப்போதே ஆரம்பித்துவிட்டது, எனக்குத்தான் தெரியவில்லை. என் ஜன்னல் வலது பக்கம். அந்தப் பக்கம் வந்து நிற்க வேண்டுமென்றால் மாடு நடு ரோட்டில்தான் நிற்க வேண்டும். ஐந்து வருஷம், காலையும் சாயங்காலமும், ஒரு மாட்டுக்கு நடு ரோட்டில் வந்து நிற்கப் பழக்கிக் கொடுத்திருக்கிறேன். மற்ற மாடு ஹாரன் கேட்டால் விலகும். இது ஹாரன் கேட்டால் வரும். பெரிய காளையாகிவிட்டது, நானூறு கிலோ இருக்கும், அது ஆசையாக வந்தாலும் முட்ட வந்தாலும் எதிரே வருகிறவனுக்கு ஒன்றுதான். முப்பது வருஷம் ரோட்டிலேயே வாழ்ந்தவனுக்கு இந்தப் புத்தி வரவில்லையே, இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல.

ஆடியில் மகள் வீட்டில் பேத்திக்குக் காது குத்து. பத்து நாள் லீவு போட்டுக் கோயம்புத்தூர் போனேன். மாற்று டிரைவர் பழம் கொடுப்பாரா என்ன, அவர் நிறுத்தங்களிலேயே சரியாக நிற்க மாட்டார். பத்து நாளும் மாடு ஒவ்வொரு ஹாரனுக்கும் ரோட்டுக்கு வந்து வந்து பார்த்திருக்கிறது. ஒன்பதாம் நாள் திலகராணி. தூரத்தில் மாட்டைப் பார்த்து வேகத்தைக் குறைத்து, விலகட்டும் என்று ஹாரன் அடித்திருக்கிறாள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள், அதைத்தான் செய்யச் சொல்லி லைசென்சே கொடுக்கிறார்கள். அது நேரே அவளைப் பார்த்து வந்திருக்கிறது. அவள் இன்னும் அடிக்க அது இன்னும் வேகமாக வந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் போலீஸிடம் அப்படியே சொன்னாள். முட்ட வரலைங்க, கொம்பை ஆட்டலை, எதையோ கேட்டு வர்ற மாதிரி வந்துச்சு என்று. ஒருவரும் நம்பவில்லை. செல்போன் பேசிக்கொண்டு போயிருப்பாள் என்றார்கள் ஆண்கள். பெண்கள் அதைவிடக் கேவலமாகப் பேசினார்கள், விலக்கான நாளில் சாமி மாட்டுக்கு எதிரே போயிருப்பாள், சாமி சும்மா விடுமா என்று. அவள் என்னிடமே ஒரு நாள் கேட்டாள். "மாடு அப்படி வருமாண்ணே? நீங்க இந்த ரோட்டுலயே ஓட்டுறீங்க, நீங்க பாத்துருக்கீங்களா?" நான் கியரை மாற்றினேன். மாற்ற வேண்டிய இடமே இல்லை, சும்மா மாற்றினேன். "மாட்டுப் புத்தி யாரு கண்டா தாயி" என்றேன். பார்த்ததைச் சொன்னேன், இதிலென்னங்க என்று ஒருவன் சொல்லிவிட்டுப் போனான், நான் பார்த்ததல்ல, செய்ததையே சொல்லவில்லை.

"வெள்ளிக்கெழம வச்சாச்சா?" என்று பேச்சியம்மா மதினி கேட்கிறாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள், திலகராணிக்குப் பின் சீட்டில் தினமும் உட்காருகிறவள். எனக்குத் தெரியும் என்ன கேட்கிறாள் என்று. மாட்டுக்குப் புண் ஆறவில்லை, அய்யனார் கோபத்தில் இருக்கிறார் என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்துவிட்டார்கள். இந்தப் பிள்ளை கோயிலில் பொங்கல் வைத்து, மாட்டின் காலில் விழுந்து, தெரியாமல் செய்த குற்றத்தைப் பொறுத்துக்கொள் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். இன்று புதன். "வச்சாச்சு மதினி. காலைல ஆறு மணிக்கு" என்கிறாள் திலகராணி. "விழுந்து எந்திரிச்சிரு, எல்லாம் சரியாப் போகும்" என்கிறாள் மதினி. கெட்டவள் இல்லை, கைக்குழந்தைக்காரி ஏறினால் இவள்தான் முதலில் எழுந்து இடம் விடுவாள். திலகராணி ஊன்றுகோலைக் கை மாற்றிப் பிடிக்கிறாள். பிறகு சிரித்துக்கொண்டே சொல்கிறாள், "விழுறதுக்கு ஒண்ணுமில்ல மதினி, முட்டி மடங்கணுமே. படுக்க வச்சுத்தான் எடுக்கணும்." இரண்டு மூன்று பேர் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துவிடுவேனோ அழுதுவிடுவேனோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டு ரோட்டைப் பார்க்கிறேன். சொல்லிவிடேன் சீனிச்சாமி. சொன்னால் என்ன ஆகும்? கேஸ் வரும். அரசு பஸ்ஸை வழியில் நிறுத்தி மாட்டுக்குத் தீனி போட்டான், டிரைவரே ரோட்டுக்கு மாட்டைப் பழக்கினான் என்று எழுதுவார்கள். மறுபடி அந்தப் பதினாலு மாசம். காலையில் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு போக இடமில்லாமல் வீட்டு வாசலில் நிற்பது. அந்த வெட்கத்தை இன்னொரு தடவை என்னால் தாங்க முடியாது, அதுதான் உண்மை, சாமிக்குப் பயந்தல்ல, சுப்புத்தாய்க்குப் பயந்தல்ல. ராயப்பனிடம் ஒரு நாள் வாயைத் திறந்தேன். "வேண்டாம்ணே. பழம் வாங்குனவன் நான். ரெண்டு குடும்பமும் நடுத்தெருவுக்கு வரும்" என்றான். அன்றிலிருந்து அவனும் என் முகத்தைப் பார்த்து விசில் அடிப்பதில்லை. பழம் கொடுப்பதை நிறுத்திவிட்டேன், ஹாரனை நிறுத்திவிட்டேன், தானாக மறந்துவிடும் என்று நினைத்தேன். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதை. பசித்த மாடு எதை மறக்கும்? நான் கொடுக்காததால் இப்போது லாரிக்கும் வேனுக்கும் போய் நிற்கிறது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள், வியாழக்கிழமை சொல்லிக்கொள்ளலாம், வியாழக்கிழமை அவளுக்கு லீவாக இருந்தால், வெள்ளிக்கிழமை எனக்குக் காலை ஷிப்டு, ஷிப்டு மாற்றிக் கேட்டால் எதற்கு என்பார்கள்.

வளைவு தாண்டிவிட்டது. இருக்கிறது. நூறு மீட்டர் முன்னால், நடுக்கோட்டின் மேலேயே, முன்னங்காலை மடித்துப் படுத்துக்கொண்டு அசைபோடுகிறது. மழை அதன் முதுகில் விழுந்து வழிகிறது. இளைத்துவிட்டது, விலா எலும்பு எண்ணலாம். நான் பிரேக்கில் கால் வைத்து மெதுவாக ஊர்கிறேன், இடது ஓரமாக ஒதுங்கி அதற்குத் தெரியாமல் தாண்டிவிடலாம், தினமும் அப்படித்தான். என் வலது பக்கத்தில் ஒரு பைக் முந்துகிறது. ஓட்டுகிறவன் மேல் ஒரு மஞ்சள் மழைக்கோட்டு, முன்னால் டேங்கின் மேல் ஒரு குழந்தை, பின்னால் பிளாஸ்டிக் உறையைத் தலைமேல் பிடித்துக்கொண்டு இன்னொரு குழந்தை, இரண்டும் பள்ளிக்கூட யூனிபார்ம். எதிரே சிமெண்ட் லாரி ஒன்று விளக்கைப் போட்டுக்கொண்டு வருகிறது. பைக்காரன் மாட்டைப் பார்த்துவிட்டான். ஹாரன் அடிக்கிறான். அடிக்காதே என்று என் வாய் சொல்கிறது, சத்தம் வரவில்லை. மறுபடி அடிக்கிறான், விடாமல் அடிக்கிறான். ராசா எழுகிறது. பின்பக்கத்தை முதலில் தூக்கி, புண் காலை நொண்டி, காதை முன்னால் விறைத்து, அவனை நோக்கி நடக்கிறது. அவனுக்குப் போக இடமில்லை. வலது பக்கம் லாரி, இடது பக்கம் நான். அவன் இன்னும் அடிக்கிறான், அது ஓடத் தொடங்குகிறது. நான் எதையும் யோசிக்கவில்லை. யோசித்தேன் என்று பிற்பாடு யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் கை ஹாரனுக்குப் போய்விட்டது. ஒரு நீட்டு, இரண்டு குறுக்கு. மறுபடி ஒரு நீட்டு, இரண்டு குறுக்கு. மூன்று மாசமாகக் கேட்காத சத்தம், எனக்கே தூக்கிவாரிப்போட்டது. மாடு நின்றது. தலையைத் திருப்பி என் பஸ்ஸைப் பார்த்தது. பைக்கை விட்டுவிட்டு என் பக்கமாக வந்தது. லாரி பிரேக் போட்டுக் கிறீச்சிட்டு நின்றது, பைக்காரன் ஒரு காலை ஊன்றி, இடைவெளியில் நுழைந்து போயே போய்விட்டான். பின்னால் இருந்த குழந்தை மட்டும் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

பஸ்ஸை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டேன். ராசா என் ஜன்னலுக்குள் தலையை நீட்டிவிட்டது. ஈர மூக்கு, வைக்கோல் வாசனை, சொரசொர நாக்கால் என் முழங்கையை நக்குகிறது, கையைத் திருப்பித் திருப்பித் தேடுகிறது. பழம் எங்கே என்று கேட்கிறது.  வழக்கமாகக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள்கூடப் போடவில்லை. எல்லோரும் இப்போதுதானே பார்த்தார்கள், பைக்காரன் அடிக்க அது ஓடியதை, நான் அடிக்க அது வந்ததை. நான் திரும்பவில்லை. மாட்டின் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, அதனிடம் சொல்வது போலச் சொன்னேன். "இது நான் நேர்ந்து விட்ட மாடு. ஹாரன் அடிச்சா வரணும்னு நான்தான் பழக்குனேன். அது சாமி குத்தமும் இல்ல, யாரு குத்தமும் இல்ல. ஆடியில நான் லீவுல போயிட்டேன். பசியில வந்துருக்கு." பேச்சியம்மா மதினி, "அய்யய்யோ" என்று மெதுவாகச் சொல்லி வாயில் சேலையை வைத்துக்கொண்டாள். அப்புறம்தான் திரும்பினேன். திலகராணி மாட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருந்தேன் போல. தான் சொன்னது பொய்யில்லை என்றாகிவிட்டதே என்று அழுவாள், நான் ஆறுதல் சொல்லலாம் என்று ஒரு கணக்கு எனக்குள் இருந்திருக்கிறது, அது அவள் முகத்தைப் பார்த்ததும்தான் எனக்கே தெரிந்தது.

"மூணு மாசமாத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும் தாயி."

"நான் கேட்டேனே. இந்த சீட்டுல உக்காந்து கேட்டேனே."

 அவள் பார்வையைத் திருப்பி மழையைப் பார்த்தாள். பின்னால் பத்திருபது வண்டி சேர்ந்த பிறகு, குரலே உயராமல் சொன்னாள். "வெள்ளிக்கெழம ஆறு மணிக்கு வந்துருங்க. நான் விழ மாட்டேன். நீங்க வந்து அங்க சொல்லுங்க, இங்க சொன்னதையே." வருகிறேன் என்றேன். நான் வருவேன் என்பதை அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. நம்ப வேண்டிய கட்டாயம் அவளுக்கு ஒன்றுமில்லை.

கதவைத் திறந்து நடு ரோட்டில் இறங்கினேன். பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் சேர்ந்து ஹாரன் அடிக்கத் தொடங்கின, வேன், லாரி, கார் என்று. ஒவ்வொரு சத்தத்துக்கும் ராசா தலையைத் திருப்பியது, இதற்குப் போவதா அதற்குப் போவதா என்று தவித்தது. மூக்கணாங்கயிறு இல்லாத மாட்டை எதைப் பிடித்து நிறுத்துவது. இரண்டு கையாலும் கொம்பைப் பிடித்துக்கொண்டேன், அது என்னையும் சேர்த்து இழுத்தது. ராயப்பன் இறங்கி ஓடி வந்தான். முகம் வெளிறியிருந்தது.

"டைம் ஆச்சுண்ணே. வந்து வண்டிய எடுங்க."

"டிப்போவுக்குப் போன் போட்டு வேற டிரைவரை வரச் சொல்லு. எதுக்குன்னு கேட்டா உள்ளதச் சொல்லு. நான் கைய விட்டா இது போயிரும்" என்றேன்.